அசேலியாத் தொட்டியில் வெள்ளைத் துகள்

ஜப்பானின் கனுமா ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு அசேலியாப் பூச்செடி வளர்க்கும். அங்கே ஒரு தோட்டச் சாமான் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்தவள் அகுத்சு மசுமி. பில் போடத்தான் சேர்த்தார்கள். ஆனால் உரம் வாங்க வந்தவர்கள் வாடிய கிளையையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்ட, அவளும் பார்த்துச் சொல்ல, நாளடைவில் மேஜையும் பூதக்கண்ணாடியும் அவளுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். ஊர் அவளை 'இலை டாக்டர்' என்றது.

எந்த இலையைக் கொடுத்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். மேலே வெள்ளி பூசியதுபோல் வெளுத்து, அடியில் கறுப்புப் புள்ளி இருந்தால் சாறு உறிஞ்சும் பூச்சி. "அடிப்பக்கம் நனையற மாதிரி மருந்து அடிங்க, மேல அடிச்சா பூச்சி குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்" என்பாள். இளந்தளிர் அரிசி மாவு உருண்டைபோல் உப்பியிருந்தால் பூஞ்சை. வெள்ளை படிவதற்குள் கிள்ளி எடுத்து எரிக்கச் சொல்வாள். ஒருவர் செடி பூக்கவேயில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

"கடைசியா எப்ப வெட்டி விட்டீங்க?"

"செப்டம்பர்ல."

"மொட்டெல்லாம் அப்பவே குப்பைக்குப் போயிடுச்சு. பூத்து முடிஞ்ச கையோட வெட்டணும். செடிக்கு ஒரு நோவும் இல்ல, உங்க கத்திரிக்கோலப் பூட்டி வைங்க."

மே மாதத் தொடக்கத்தில் ஓகினுமா தெருயோ வந்தாள். எழுபத்திரண்டு வயது. கணவர் கன்ஜி போன அக்டோபரில் இறந்துவிட்டார். அவர் இளைஞராக இருந்தபோது விரல் நீளக் குச்சியாக நட்டு, ஐம்பது வருடம் தொட்டியிலேயே வளர்த்த அசேலியா ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அடிமரம் மனிதக் கணுக்கால் பருமன். தெருயோ கொண்டுவந்த தளிர் மஞ்சளாக வெளுத்திருந்தது, நரம்புகள் மட்டும் பச்சை.

"இரும்புச் சத்து ஏறல. இத வாரம் ஒரு தடவ தண்ணில கலந்து ஊத்துங்க" என்று மசுமி ஒரு புட்டியைக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தெருயோ மீண்டும் வந்தாள். இந்த முறை இலை நுனிகள் கருகியிருந்தன.

"அவரோட செடி சாகுதுங்க, அகுத்சு சான். நீங்க வந்து பாக்கணும்."

ஜூன் மாதம், தூறல் விட்ட ஒரு காலையில் மசுமி போனாள். மற்ற முப்பது தொட்டிகளும் செழிப்பாக இருந்தன. அந்த ஒன்று மட்டும் காய்ச்சல்காரன்போல் நின்றது. அதே தண்ணீர், அதே வெயில், ஊரிலேயே தோண்டியெடுக்கும் அதே மஞ்சள் கனுமா மண். மண்ணைக் கரைத்துச் சோதனைக் காகிதத்தை நனைத்தாள். அசேலியாவுக்குப் புளிப்பு மண்தான் உயிர். காகிதம் ஆரஞ்சு மஞ்சளாக நிற்க வேண்டும். அது பச்சையைத் தாண்டி நீலத்துக்குப் போனது. மசுமிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. இன்னொரு காகிதம் எடுத்தாள். அதுவும் நீலம்.

"சுண்ணாம்பு போட்டீங்களா?"

"இல்லையே."

"முட்டை ஓடு? சிப்பித் தூள்? அடுப்புச் சாம்பல்?"

"அடுப்புச் சாம்பலா... இல்ல."

அந்த இடைவெளியை மசுமி கவனிக்கவில்லை. வீட்டுக்கு யாரோ பொறாமைக்காரர் வந்து போட்டிருப்பார் என்றே நினைத்தாள். பூக்கண்காட்சிக்காரர்களிடையே அப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தாள். மஞ்சள் மண்ணுக்கு நடுவே, வேர்களில் ஒட்டியபடி, வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். மாவு போலச் சில, பட்டாணி அளவில் சில.

கனுமா மண் நகத்தால் அழுத்தினாலே நொறுங்கும். இது நொறுங்கவில்லை. சந்தேகம் வந்தால் மசுமிக்கு ஒரு பழக்கம். ஒரு துகளைத் துடைத்து முன்பல்லில் வைத்துக் கடித்தாள்.

"ஐயோ, கடிக்காதீங்க! அது அவரு! அது அவருங்க!"

மசுமி அப்படியே உறைந்துபோனாள். பல்லுக்கிடையில் அது நறுக்கென்று உடைந்த சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. துப்பலாமா என்று தெரியவில்லை. விழுங்க முடியாது. துப்பினால் எங்கே துப்புவது? கடைசியில் கைக்குட்டையை எடுத்து அதற்குள் மெதுவாக உமிழ்ந்து, மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெருயோ தேம்பித் தேம்பிச் சொன்னாள். தகனம் முடிந்து எலும்புக் குடுவையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, நாற்பத்தொன்பதாம் நாள் அதைக் கல்லறையில் வைத்துவிடுவார்களே என்ற நினைப்பே அவளைத் தூங்கவிடவில்லை. அவர் பிண்ணாக்கு இடிக்கிற உரலிலேயே எலும்புகளை இடித்தாள். அவருக்குப் பிரியமான செடியின் மண்ணைக் கிளறிக் கலந்தாள்.

"அப்ப... கல்லறையில வச்ச குடுவையில?"

"கனுமா மண்ணு. கனம் சரியா இருக்கணும்னு கொஞ்சம் கூழாங்கல்லும் போட்டேன்."

மசுமி அந்த நாற்பத்தொன்பதாம் நாளை நினைத்துப் பார்த்தாள். கருப்பு உடுத்திய சொந்தக்காரர்கள், மந்திரம் ஓதிய குருக்கள், தலை குனிந்து வணங்கிய கூட்டம். எல்லாம் ஒரு குடுவை மண்ணுக்கு. தன் கடையில் விற்ற மண்ணாகக்கூட இருக்கலாம்.

"அவரு அந்தச் செடியில நல்லா இருப்பாருன்னு நினைச்சேன்" என்றாள் தெருயோ. "அவரே அதக் கொல்லுறாரா, அகுத்சு சான்?"

"எலும்புல சுண்ணாம்பு இருக்கு. வேருக்கு ஆகாது. அவ்வளவுதான். அவரு ஒண்ணும் பண்ணல" என்று எப்படியோ சொன்னாள். சொன்ன குரல் தன்னுடையதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

போய்விடலாம் என்றுதான் எழுந்தாள். ஆனால் வேர் வெளியே காய்ந்துகொண்டிருந்தது. தெருயோ உள்ளே போய் இரண்டு ஜோடி உணவுக் குச்சிகளும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தாள். தகனக்கூடத்தில் சொந்தக்காரர்கள் குச்சியால் எலும்பு பொறுக்குவதுபோலவே இருவரும் எதிரெதிரே அமர்ந்து, துகள்களைப் பொறுக்கித் துணியில் வைத்தார்கள். பொடியை மழைத்தண்ணீரில் அலசி, மெல்லிய துணியில் வடிகட்டினார்கள். மசுமி கைக்குட்டையையும் பிரித்து அதில் இருந்ததைச் சேர்த்தாள். கருகிய வேர்களை நறுக்கினாள், கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாள், புதுக் கனுமா மண்ணில் நட்டு நிழலில் வைத்தாள். "இந்த வருஷம் உரம் கிடையாது. மொட்டு வந்தா கிள்ளிடுங்க" என்றாள். இரண்டு நாள் அவளால் எதையும் மென்று தின்ன முடியவில்லை. கஞ்சியைக் குடித்தாள்.

எலும்பைக் கல்லறையில் சேர்க்குமுன் கன்ஜியின் தங்கை சுகியேயிடம் சொல்ல வேண்டியிருந்தது. தனியாகப் போகத் தெருயோவுக்குத் தைரியம் இல்லை, மசுமியும் போனாள். சுகியே எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"ஆறு மாசமா நான் மண்ணுக்கா ஊதுவத்தி ஏத்துனேன், அண்ணி?"

"மன்னிச்சுடு, சுகியே."

"எங்கண்ணன உரல்ல போட்டு இடிச்சிருக்கீங்க. மன்னிப்பாம்." அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பௌத்த மடத்துக் கல்லறையைத் திறந்து குடுவையை மாற்றிய அன்று அவள் வந்தாள். தெருயோவிடம் பேசவில்லை. ஆனால் குடுவையை வைக்கும்போது மறுபக்கம் அவள்தான் பிடித்தாள். பழைய மண்ணை என்ன செய்வது என்று குருக்கள் கேட்டார். மசுமி அதை வாங்கி மடத்து வேலியோர அசேலியாக்களுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

செடியின் இடப்பக்கக் கிளை பட்டுப்போனது. மற்றது ஆகஸ்டில் பச்சைத் தளிர் விட்டது. தெருயோ ஒரு தளிரைக் கிள்ளி, பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தாள். மசுமி இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.