விசில் யார் கழுத்தில்

சுண்ணாம்பு அண்ணனைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான்.

தலைமைக் காவலர் அவர், அவருக்குக் கீழே காவலர் நான். வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுவார்கள். எட்டாயிரம், பத்தாயிரம் வண்டி வரும். அன்று ஆஸ்பத்திரி சாலையின் நடுவே சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போடுவது அண்ணன் வேலை. கோட்டுக்கு இடப்பக்கம் வண்டிகள் நிற்கலாம். வலப்பக்கம் ஆம்புலன்ஸுக்கு. அங்கே ஒரு சக்கரம் ஏறினாலும் விசில் பறக்கும். போன வருஷம் வரை, இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கோட்டை ஒருத்தனும் தாண்டியதில்லை. வெயிலில் நாள் முழுக்க நடந்து, அழிந்த இடத்தில் குனிந்து மறுபடி பொடி தூவுவார். மாலையில் பார்த்தால் ஆளே வெள்ளையடித்த சுவர் மாதிரி இருப்பார். பெயர் அப்படித்தான் வந்தது.

சாலைத் தடுப்பு ஒன்றுக்கு இரண்டு காவலர், விசில் ஒன்று. முன்னே ஆளுக்கொன்று கொடுத்தார்களாம். அவன் பார்ப்பான் என்று இவனும், இவன் பார்ப்பான் என்று அவனும் சும்மா இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம். விசில் யார் கழுத்தில் கிடக்கிறதோ, கோடு அவர் பொறுப்பு. கழற்றி அடுத்தவர் கழுத்தில் மாட்டாமல் ஓர் அடி நகரக்கூடாது.

போன வருஷம் மாலை நாலு மணி. பெரிய சிவப்பு வண்டி ஒன்றை அண்ணன் மூன்று தடவை சுற்றி வந்துவிட்டார். வீட்டில் ஓட்டை சைக்கிள் வைத்திருக்கும் மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் பார்த்தார். வண்டிக்காரர் நல்லவர், உட்காருங்கள் என்றார். அண்ணன் கூச்சப்பட்டு மறுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ஒரே ஒரு போட்டோண்ணே. கோடு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றேன்.

விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் ஏறினார். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டார். அடுத்ததில் தொப்பி கோணல். மூன்றாவதில் சிரிக்கவே இல்லை. சிரிங்க சிரிங்க என்று நான் அவரைப் பாடாய்ப் படுத்தினேன். நாலாவதில்தான் சிரித்தார். எனக்குப் பின்னால் ஒரு வண்டி கோட்டைத் தாண்டியது. யாரும் கேட்கவில்லை என்றதும் இன்னொன்று. நான் திரும்பியபோது முப்பது வண்டி குறுக்கே நின்றது. சாலை முனையில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் இரைச்சலில் சைரன் காதில் விழவே இல்லை.

அண்ணன் குதித்து இறங்கி, வண்டிகளை வெறும் கையால் தள்ளினார். நான் விசிலை ஊதிக்கொண்டே இருந்தேன், வெட்கங்கெட்டவள். ஒன்பது நிமிடம் ஆனது.

உள்ளே இருந்தவர் எங்கள் தெருத் தச்சர். நெஞ்சுவலி. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் பாதி போய்விட்டது, இனிமேல் இழைப்புளி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் நிறுத்திக் கேட்டது ஒரே கேள்வி: "விசில் யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான் சார்" என்றார் அண்ணன்.

ஊரையே விலை பேசும் என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. வெளியே வந்ததும் அழுதேன். ஆசைப்பட்டு ஏறியது தான்தானே என்றார் அண்ணன். எனக்கு வேலை உறுதியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, தனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான், போய் வேலையைப் பார் என்றார். நானும் போய் வேலையைப் பார்த்தேன். அவரைப் பறிமுதல் வண்டிகள் துருப்பிடிக்கும் கொட்டடிக்குக் காவலுக்கு அனுப்பினார்கள்.

தச்சரின் மனைவி அண்ணனைத் தெருவில் எங்கே பார்த்தாலும் விடமாட்டார். போட்டோ எடுக்கப் போன நாய் என்பார். அண்ணன் செருப்பைப் பார்த்தபடியே அந்த வாசலைக் கடப்பார். நான் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வருஷம் கேட்டேன்.

போன வாரம் இந்த வருஷக் கூட்டத்துக்கு வேலை பிரித்தார்கள். ஆஸ்பத்திரி சாலை எனக்கு. விசிலை வாங்கிக்கொண்டு நேரே கொட்டடிக்குப் போனேன். அண்ணன் சந்தோஷப்பட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் போட்டோ இருக்காம்மா? வாழ்நாள்ல ஒரு தடவதான் உக்காந்தேன்" என்றார்.

போனை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். தொப்பி, சிரிப்பு, சட்டைப் பொத்தான் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. கழுத்து வெறுமையாக இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"இதுல விசில் இல்லம்மா. யாராவது பாத்தா உனக்குத்தான் வம்பு. அழிச்சிடு" என்றார்.

அழித்துவிட்டேன் என்று சொல்லி வந்தேன். பொய். மறுநாள் காலை அந்தப் படத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றையும் விசிலையும் இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்துவிட்டு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து தச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் தானே செய்த நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி கையில் இன்னொரு பிரதியைக் கொடுத்து, விசில் அன்று என் கழுத்தில் கிடந்தது என்றேன்.

என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா அந்த மனுஷன வாய்க்கு வந்தபடி திட்டினேனே. நீ மாடியில நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தே?"

"ஆமாக்கா" என்றேன்.