அக்காவின் டப்பாவில் நான் போட்ட ஆவாரம்பூ மாவு

என் மகளுக்கு ஏழு மாதம் ஆகும்வரை ஒருநாள்கூட நான் அவளை அழவிடாமல் குளிப்பாட்டியதில்லை. என் ஓரகத்தி அக்காவிடம் மட்டும் அவள் அழமாட்டாள். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, அவளைக் குப்புறப் போட்டு, ஆவாரம்பூ மாவைக் குழைத்து முதுகில் தேய்ப்பார். தலை துவட்டுவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிடும். துண்டில் சுற்றி என்னிடம் கொடுக்கும்போது முகர்ந்து பார்ப்பேன். என் குழந்தைமேல் அக்காவின் வாசனைதான் வீசும்.

அக்கா ஆந்திராவில் நகரிப் பக்கத்துக்காரர். ஆவாரையைத் தெலுங்கில் தங்கேடு என்பார். மலையடிவாரத்துக் கரட்டில் மழையில்லாத மாதங்களிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அந்தச் செடியை வைத்தே எங்கள் வீட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டார் என்று அப்போது நினைத்தேன். சர்க்கரை உள்ள மாமனாருக்குக் காலையில் பூக் கஷாயம். வெயில் ஏறினால் பருப்போடு பூவைச் சேர்த்துக் கூட்டு. வயல்வேலைக்குப் போகிறவர்கள் சூடு தாக்காமலிருக்கத் தழையைத் தலைத்துண்டுக்குள் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லி, தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வரும் என் கணவரிடமும் ஒருநாள் ஒரு கொத்தைக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே பையில் வைத்துக்கொண்டார். அன்று நான் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருந்தது.

நான் வேதியியல் படித்தவள். ஒரு மாவு அரைக்க எனக்குத் தெரியாதா? கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கரட்டுக்குப் போய் ஒரு பை நிறையப் பூ பறித்துவந்தேன். எங்கள் அறைக்குள்ளேயே செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தேன். பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து மிக்சியில் அரைத்து, கோதுமை மாவு சலிக்கும் சல்லடையில் சலித்தேன். இதை எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டக் கூச்சமாக இருந்தது. ஒருவேளை சரியாக வராவிட்டால்? அதனால் அக்காவின் எவர்சில்வர் டப்பாவைக் காலிசெய்து, என் மாவை அதில் கொட்டி மூடிவைத்தேன். என் மாவுக்கும் அவள் அப்படியே தூங்குவாள் என்று எனக்கு மட்டுமாவது தெரிந்தால் போதும்.

மறுநாள் அக்கா இரண்டு தேய்ப்புத்தான் தேய்த்திருப்பார். குழந்தை வீறிட்டாள். முதுகில் சிவப்பாகக் கோடுகள். அக்கா உடனே தண்ணீர் விட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவினார். மாமியார் ஓடிவந்து பார்த்தார்.

"இனிமே கொழந்தைய நீ குளிப்பாட்ட வாணாம். அவ அம்மாவே பார்த்துக்கட்டும்."

நான் இத்தனை நாளாக ஆசைப்பட்டது அதுதான். அக்கா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு நாட்களும் நான்தான் குளிப்பாட்டினேன், வெறும் தண்ணீரில். கோடுகள் மறைந்துவிட்டன. ஆனால் அவள் அழுத அழுகைக்குத் தெருவே எட்டிப் பார்த்தது, சமையலறையிலிருந்த அக்கா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. சொல்லிவிடலாமா, சொன்னால் இனி என்னை நம்பிக் குழந்தையைக் கொடுப்பார்களா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். மூன்றாம் நாள் காலை, மாமியார் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்று, அந்த மாவை அரைத்தது நான்தான் என்றேன்.

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். "படிச்ச பொண்ணு. மாவு அரைடின்னா ரவை அரைச்சி வச்சிருக்கா."

அக்கா அடுப்பருகிலிருந்தே பேசினார். "தெரியும் அத்தை. கையில எடுத்தவுடனே நரநரன்னு இருந்திச்சி. நான் பழைய வேட்டித் துணியில ரெண்டு வாட்டி சலிப்பேன். அவளே சொல்லட்டும்னுதான் பார்த்துகினு இருந்தேன்."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அந்த வேட்டித் துணியை எடுத்துக் கொடுத்தார். மீதி மாவைச் சலித்தேன். கிண்ணம் நிறையத் திப்பி தங்கியது. மறுநாள் என் காலை நீட்டச் சொல்லி, குழந்தையை அவரே என்மேல் கிடத்திவிட்டு வாசலோரம் போய் நின்றுகொண்டார். மாவு பவுடர்போல வழுக்கியது. ஆனாலும் அவள் அழுதாள்.

"தல்லீ" என்று அக்கா தெலுங்கில், தாயே எனக் கொஞ்சுவதுபோல, ஒரே ஒருமுறை கூப்பிட்டார். அழுகை நின்றது. அவள் தலையைத் தூக்கி அக்கா நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, நான் முதுகைத் தேய்த்து முடித்தேன். வயிறு எரிந்தது. "அங்கேயே நில்லுங்கக்கா" என்றேன்.