பொள்ளாச்சியில் வாங்கிய மாதிரித் தேர்வுகள்

கேரளப் பக்கத்து எல்லை ஊரான பெருமாட்டியில் தென்னை விவசாயம் செய்கிறோம். தமிழ் வழியில் படித்த என் மகள் கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குத் தயாரானாள். ஆங்கிலத்தில், கணினியில் நடக்கும் தேர்வு அது. அதேபோன்ற மாதிரித் தேர்வுகள் வேண்டும் என்று கேட்டாள். "நம்ம பாசையில போட்டுப் பாத்தாத்தான் மனசுல நிக்கும், கண்ணு" என்று சொல்லி, பொள்ளாச்சியில் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி வந்தேன். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் எடுத்தாள். நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "கணக்கெல்லாம் தெரிஞ்சதுதானுங்கப்பா. கேள்விய வாசிச்சுப் புரிஞ்சுக்கறதுக்குள்ள நேரம் போயிருச்சுங்க" என்றாள். தரவரிசையில் மிகவும் பின்னால் போய்விட்டாள்.

அடுத்த முறைக்காக, இப்போது எந்த மாதிரித் தேர்வையும் அவளிடம் காட்டிக் கேட்ட பிறகே வாங்குகிறேன். "எதுனாலும் சரிங்கப்பா" என்கிறாள், திரும்பிப் பார்க்காமல்.