பனைவெல்லம் போட்ட சுகர்லெஸ் டீ

மத்தியான ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரம். அந்தோணிசாமி அண்ணன் கேன்டீன் கவுண்டரில் ஒரு லேப் சீட்டை வைத்து, அதன் மேல் டீ கிளாஸையும் வைத்தார். கிளாஸ் காலி. முகமும் அப்படித்தான்.

"குணா, சுகர் ஏறியிருக்குடா. போன மாசத்தைவிட அதிகம்."

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நெய்வேலி சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் கேன்டீனுக்கு நான் சூப்பர்வைசர். அண்ணன் பக்கெட் வீல் மெஷின் ஆபரேட்டர். மாடி வீடு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு மண்ணை வெட்டித் தள்ளுகிற வேலை. மேலே இருக்கும்போது தலை சுற்றினால் அவரோடு போகாது, கீழே நிற்பவனுக்கும் ஆபத்து. அதனால் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ஒரு மாதம் கெடு கொடுத்திருந்தார்கள். சுகரைக் குறைக்காவிட்டால் மெஷினை விட்டு இறக்கி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷம் மெஷினில் இருந்தவருக்கு ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் எண்ணுவது எப்படியிருக்கும்?

"வூட்டுல நம்ப மாட்டேங்குறாடா. பண்ருட்டிப் பக்கம் போயி பலாப்பழம் துன்னுகினு வர்றேன்னு சண்டை புடிக்கிறா. மாதா சத்தியமா சொல்றேன், சுளையக் கண்ணால பாக்கல."

"நாளைக்கு டாக்டரம்மாகிட்டயே நான் வந்து சாட்சி சொல்றேண்ணே" என்றேன். வாயை வாடகைக்கு விட்டதுபோல் அப்படி ஒரு பழக்கம் எனக்கு.

1. பாய்லரில் போன மாத்திரை

இதெல்லாம் அதற்கு ஒரு மாதம் முன்னால், அண்ணனுக்குக் கெடு கொடுத்த புதிதில் ஆரம்பித்தது. அவரையும் சேர்த்து சர்க்கரை வியாதிக்காரர்கள் பதினோரு பேர் என் கேன்டீனில் டீ குடித்தார்கள். அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன பாய்லர் வைத்தேன். இனிப்பு மாத்திரை டப்பா வாங்கி, காலை ஐந்து மணிக்கே பாலோடு மொத்தமாகக் கொட்டிக் கொதிக்கவிட்டேன். ஆறு மணிக்கு டீ நன்றாக இருந்தது. ஒன்பது மணிக்கு இனிப்பே இல்லை. இன்னும் பத்து மாத்திரை போட்டேன். பதினொரு மணிக்கு அதுவும் காணோம். மாத்திரை போலி என்று மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சண்டை போட்டேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்னமோ இருந்தது. படிக்கவில்லை. எனக்குப் படிப்பு வராதது இல்லை, பொறுமை வராது.

அந்த வாரமே யாரோ பேப்பரில் படித்ததாக ஒரு சேதி கிளப்பினார்கள். அண்ணன் பயந்துவிட்டார்.

"குணா, இந்த மாத்திரை துன்னா கேன்சர் வருமாம்டா."

"வுடுங்கண்ணே. இயற்கையா ஒண்ணு போடுறேன். கெமிக்கலே கிடையாது."

2. பனைவெல்லம்

மறுநாளே பனைவெல்லம் வந்தது. சூட்டோடு போட்டால் பால் திரியும். இறக்கி ஆறவிட்டு, பாகை வடிகட்டி, மெதுவாக ஊற்றினேன். பால் திரியாமல் இருக்க எடுத்துக்கொண்ட கவலையில் பாதியைக் குடிக்கிறவர்கள் மேல் வைத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

டீ பிரமாதம். ஒரு கிளாஸ் குடித்தவர்கள் மூன்று குடித்தார்கள். அண்ணன் ஒரு ஷிப்டுக்கு ஐந்து. பாய்லர் மேல் 'சுகர்லெஸ்' என்று சாக்பீஸில் எழுதியதும் நான்தான்.

3. சாட்சி

அண்ணன் லேப் சீட்டைக் காட்டிய மறுநாள், சொன்னபடியே அவரோடு கம்பெனி டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். ஆதாரத்துக்கு ஒரு ஃப்ளாஸ்க் நிறைய டீயும் எடுத்துக்கொண்டேன்.

"சர்க்கரை சேர்த்துக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தொடுறதே இல்லைங்க மேடம்" என்றார் அண்ணன். பொய்யே இல்லை. அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

"நம்ம கேன்டீன்லதாங்க மேடம் ஷிப்டுக்கு அஞ்சு கிளாஸ் டீ குடிக்கிறாரு. சுகர்லெஸ். நீங்களே பாருங்க" என்று ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லாருக்கு. என்ன போட்டீங்க?"

"பனைவெல்லங்க. இயற்கை."

"அரளி விதையும் இயற்கைதான். அதையும் போடுவீங்களா?"

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை விவரிக்க மாட்டேன்.

"பனைவெல்லம் விஷமில்ல. ஆனா இவர் உடம்புக்குள்ள போனா அதுவும் சர்க்கரைதான். தேனும் அப்படித்தான், நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். ஒரு நாளைக்கு அஞ்சு கிளாஸ்னா எப்படி இறங்கும்?"

"மாத்திரையில கேன்சர் வரும்னாங்களே மேடம்" என்று முனகினேன்.

"கேன்சர் வருதான்னு எலிக்குக் குடுத்துப் பார்த்தது வேற இனிப்பு மாத்திரை. அதுலயும் எலிக்கு வந்தது மனுஷனுக்கு அப்படியே பொருந்தாதுன்னு அப்புறம் சொல்லிட்டாங்க. நீங்க வாங்கினது வேற. டீக்கு ஒண்ணு ரெண்டுன்னு போட்டா, இன்னைக்குத் தெரிஞ்ச வரைக்கும் வரம்புக்கு ரொம்பக் கீழதான். பிறவியிலேயே ஒரு குறை இருக்கிற சில பேருக்குத்தான் ஆகாது, டப்பாவுலயே போட்டிருக்கும். கொதிக்க வைக்காதீங்க, இனிப்பு போயிடும். கிளாஸ்ல போடுங்க. இனிப்பே இல்லாம குடிக்கப் பழகினா இன்னும் நல்லது."

மெடிக்கல் ஷாப்காரரிடம் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த டீயை வேற யார் குடிக்கிறாங்க?"

"இன்னும் பத்துப் பேருங்க."

"அவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வாங்க. இன்னைக்கே."

அண்ணனுக்கு மூன்று வாரம் கூடுதல் கெடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். எழுத முடியாது.

பத்துப் பேரையும் தேடிப் போனேன். ஷிப்டில் இருந்தவர்கள், குவார்ட்டர்ஸில் தூங்கியவர்கள், பக்கத்து ஊரான வடக்குத்தில் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர் ஒருத்தர். "நான் போட்டது சர்க்கரைதாங்க, தப்பு என்னோடது" என்று பத்துத் தடவை சொன்னேன். ஏழு பேர் திட்டினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். பந்தல்காரர் மட்டும், "அப்ப நாளைலேர்ந்து அந்த டீ கிடையாதா?" என்று வருத்தப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து அண்ணனின் சீட்டு வந்தது. நார்மல் என்று சொல்ல முடியாது, ஆனாலும் இறங்கியிருந்தது. வேலைக்கு ஃபிட் என்று எழுதி மெஷினுக்கே அனுப்பினார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்டால், பதில் சொல்ல அவசரப்படாதே. என்ன போட்டாய், எவ்வளவு போட்டாய் என்று மட்டும் சொல். குடிக்கிறவர் உடம்பைத் தெரிந்தவர் மீதியைச் சொல்லட்டும்.

அண்ணன் ரிட்டயர் ஆகும்வரை என் கேன்டீனில்தான் டீ குடித்தார். ஒவ்வொரு தடவையும் கிளாஸைத் தொடுவதற்கு முன்னால், க்யூவில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு என்னடா போட்டுகினு இருக்க?" என்பார். நானும் பால், தூள், மாத்திரை ஒன்று என்று வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பேன். ஒரு நாள்கூடக் கோபம் வந்ததில்லை. அவர் கேட்காமல் குடித்திருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.