மஞ்சள் கடிதாசிக்குப் பிறகு

எங்கள் பக்கம் ஒரு ஆள் கடனில் மூழ்கிப்போனால், "மஞ்சக் கடிதாசி குடுத்துட்டான்" என்பார்கள். கோர்ட்டில் திவால் மனு போட்டுவிட்டான் என்று பொருள். சொல்கிறவர்கள் குரலில் கொஞ்சம் இளக்காரமும் கொஞ்சம் பொறாமையும் இருக்கும். கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் காற்றோடு போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்த ஊர் அது. என் அப்பாவும் அப்படித்தான் நம்பினார். நம்பியதோடு நிற்காமல், மனுப் போடுவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியமும் செய்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை என்கிற இடத்தில் எங்களுக்கு எஸ்டேட் சாமான் கடை. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, சாக்கு, உர மூட்டை, மழைக்குப் போர்த்தக் கம்பளி என்று எல்லாம் இருக்கும். எஸ்டேட்காரர்கள் கையில் காசோடு வர மாட்டார்கள். காபிப் பணம் வந்ததும் தருவார்கள். காபிப் பணமோ தவணை தவணையாக, வந்தால் வரும். விற்பனை வரிக்காரர்களுக்கு இந்தக் கதையெல்லாம் காதில் ஏறாது. மண்வெட்டி கடையை விட்டுப் போன அன்றே அது விற்பனை, அதற்கு வரி உண்டு. கைக்கு வராத காசுக்கு எப்படி வரி கட்டுவது? அப்பா பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினார். பாக்கி மேல் அபராதம் ஏறியது.

"போய்க் கேளுங்கப்பா" என்று நான் கத்துவேன். சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த திமிர் எனக்கு.

"பெரிய மனுசங்க கண்ணு. ஊட்டு வாசல்ல போயி நின்னு எப்படிக் கேக்கறது?"

அவர் அப்படிக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு எஸ்டேட்டுகள் கைமாறின. பழைய முதலாளிகள் கம்பி நீட்டிவிட்டார்கள். கடை படுத்துவிட்டது.

அப்பாவிடம் பணம் போட்டு வைத்திருந்தவர் ஒருவர் உண்டு. நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிற அம்மா. கணவர் இல்லை, ஒரே மகள். வருஷா வருஷம் போனஸ் வாங்கிய கையோடு பஸ் ஏறி வந்து, முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வைத்தால் பணம் தங்காது. பாங்குக்குள் கால் வைக்கக் கூச்சம். நம்பிக்கையான கடைக்காரரிடம் போட்டு வைப்பதுதான் தோட்டத்து ஆட்களின் வழக்கம். அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்கு. அதை நம்பித்தான் மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தார்.

சேலத்து வக்கீல், யார் யாருக்குத் தரவேண்டும், ஒருவர் விடாமல் சொல்லுங்கள் என்றார். அப்பா எல்லாரையும் சொன்னார், இந்த அம்மாவைத் தவிர. வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம், "அந்த அம்மிணி பேரைப் போயி கோர்ட்டுல சொல்றதா? வயித்தக் கட்டிச் சேத்த காசு. அதத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை" என்றார். என் அம்மாவின் செயினையும் தன் ஸ்கூட்டரையும் விற்று, முழுப் பணத்தையும் நாகலூருக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். மறுவாரம் மஞ்சள் கடிதாசி கொடுத்தார். வக்கீலிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கொடுத்து முடித்த கடனை ஏன் சொல்லவேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த அம்மா அதில் மகளுக்குத் தோடும் செயினும் வாங்கிவிட்டார்.

கோர்ட்டு நியமித்த ரிசீவர் வந்தார். எங்கள் கடையும் வீடும் அவர் பொறுப்புக்குப் போயின. சமீபத்தில் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று கேட்டார். என் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ரிசீவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். மனுப் போடப்போகிறவர் தனக்கு வேண்டிய ஒருவருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுப்பது செல்லாது, அந்தப் பணம் கடன் கொடுத்தவர்கள் எல்லாருக்குமான பொதுவில் வந்து சேரவேண்டும், செலவு போகப் பொதுவில் இருப்பதில் முதல் பங்கு சர்க்கார் பாக்கிக்கு, மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. மிச்சம் இருக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த அம்மாவுக்கு நோட்டீஸ் போனது. கோர்ட்டு என்றால் ஜெயில் என்று பயந்து, வாங்கின கடையிலேயே நகையைக் கொடுத்துவிட்டு, செய்கூலி சேதாரமெல்லாம் போக வந்ததை எடுத்துக்கொண்டு மலையிறங்கிச் சேலம் கோர்ட்டுக்கு வந்தார். குறைந்துபோன தொகைக்கு யாரிடமோ கைமாற்றும் வாங்கி வந்திருந்தார். கட்டிவிட்டு வெளியே வந்தவர், வராந்தாவில் நின்ற அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, இதோட உங்க வரித் தொல்லை தீந்துருமுங்களா?"

அபராதத்தில் பாதிக்குக்கூட அது காணாது. எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. யாரை அடிப்பது? சட்டம் அதன் வழியில் சரியாகத்தான் போயிற்று, அப்பாவும் அவர் வழியில் சரியாகத்தான் நடந்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண் எடுத்துக்கொண்டார்கள். மகளும் அம்மாவோடு கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கப் போனாள். அப்பா தலைச்சோலையில் ஓர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராகச் சேர்ந்தார். நாங்கள் வாடகை வீட்டுக்குப் போனோம்.

சில வருஷம் கழித்து, கடன்களிலிருந்து அப்பாவை விடுவித்து கோர்ட்டின் விடுதலை உத்தரவு வந்தது. வக்கீல் சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே யாரும் உங்க கழுத்தப் புடிக்க முடியாதுங்க. எல்லாக் கடனும் போச்சு. சர்க்கார் பாக்கி மட்டும் நிக்கும். அதுக்கு மஞ்சக் கடிதாசி செல்லாதுங்க."

"அந்த அம்மிணி கடனும் போயிருச்சுங்களா?"

"அதுந்தான் போச்சு. அவங்க பணத்தத் திருப்பிக் கட்டுனதும் அந்தக் கடனும் பட்டியல்ல சேந்துருச்சுங்க. நிம்மதியா இருங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொடுத்தே தீரவேண்டும் என்று அவர் நினைத்த ஒரே கடனை, அவரைக் கேட்காமலேயே அழித்துவிட்டார்கள். நேராக நாகலூர் போய், "கோர்ட்டு தள்ளுனாத் தள்ளட்டுமுங்க அம்மிணி, நான் தள்ளல" என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். வரிப் பாக்கிக்கு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். மீதியில் சாப்பாடும் வாடகையும் போனது. வரி முழுக்கத் தீர்ந்த வருஷம் அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உழைக்கிற காலமெல்லாம் வரியோடு போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்த அம்மா ஒரு மாலையோடு வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து, கூடப் பிறந்தவரைப் போல அழுதார். நான் அப்போது சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவருக்குக் கொடுப்பதற்கென்று என் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்த பணத்தை உள்ளேயிருந்து எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். அவர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"எழவு ஊட்டுல காசு வாங்கக்கூடாது சாமி. இன்னொரு நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

வரவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் நானே போனேன். லைன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. வேலை நின்றுபோய் மகளோடு கீழே ஏதோ ஊருக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள். எஸ்டேட் ஆபீஸிலும் கேட்டேன், இரண்டு மூன்று தடவை பஸ் ஸ்டாண்டிலும் விசாரித்தேன். சட்டப்படி எங்கள் குடும்பத்துக்கு இப்போது ஒரு பைசா கடன் கிடையாது. அந்தப் பணம் என்னிடம்தான் இருக்கிறது, கொடுக்கத்தான் ஆளைக் காணோம்.