பின்பக்கத்து வலது போல்ட்

எங்கள் அப்பாவால் கழற்ற முடியாத ஒன்றும் உலகத்தில் இருக்கிறது என்பதை நான் ஒன்பது வயதில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் தெரிந்துகொண்டேன். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் பிரித்துச் சாக்கில் பரப்பிவிட்டு, தேத்தண்ணி ஆறுமுன் திரும்பப் பூட்டிவிடுகிற மனிதர் அவர். உடுவிலில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் இயந்திரங்கள் எல்லாம் அவர் கைபட்டவை. அப்படிப்பட்டவர் அன்று ஒரு சின்னப் போல்டுக்கு முன்னால், காருக்குப் பின்புறம் முழங்காலில் நின்றார்.

கார் மாமியுடையது. மாமி, அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் கட்டாமல் எங்களோடு இருந்தவர், ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறைத் தாதி. நூறு கிலோமீற்றருக்கு அப்பால் மன்னாரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அந்த அறையின் பொறுப்பாளராகப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் அங்கே போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். பஸ்ஸை நம்பி அந்த வேலையைப் பார்க்க முடியாதென்று கொழும்பிலிருந்து ஒரு பழைய கார் எடுப்பித்தார். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி வருடக்கணக்கில் நின்ற கார். மேலே பார்த்தால் மணப்பெண். கீழே குனிந்து பார்த்தால் ஒரே துரு. மேல் மாகாணத்து எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு, வட மாகாணத்துப் புதிய தகடுகளைப் பூட்டவேண்டும். பூட்டாமல் தெருவில் இறக்கினால் பொலிஸ் மறிக்கும்.

முன்பக்கத் தகடு பத்து நிமிடத்தில் வந்தது. பின்பக்கத்து இடது போல்டும் கொஞ்சம் முனகிவிட்டு வந்தது. வலது போல்ட் மட்டும் அசையவில்லை. அப்பா மண்ணெண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார். பிறகு போல்ட் கழற்றும் சாவியின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் அதில் போட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கு இவ்வளவு பலம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

மாமி கிணற்றடியிலிருந்து வந்து சிறிது நேரம் பார்த்தார்.

“அண்ணை, எந்தப் பக்கம் சுத்துறியள்?”

“துருப்பிடிச்சதை முதல்லை இறுக்கோணும். இறுக்கினால்தான் இளகும்.”

“அது கொஞ்சமெல்லே இறுக்கிறது. நீங்கள் அரை மணித்தியாலமா இறுக்கிறியள்.”

எந்தப் பக்கம் இறுகும், எந்தப் பக்கம் இளகும் என்று அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இன்றைக்குக் கேட்கிறேன். அன்று எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அப்பா இன்னும் ஒருமுறை அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது. போல்டின் தலை முறிந்து மணலில் விழுந்தது. பழைய தகடு சுகமாகக் கையோடு வந்துவிட்டது. ஆனால் முறிந்த தண்டு விரல் நகத்தளவு வெளியே தெரிய, காருக்குள்ளேயே நின்றது. அது அங்கே நிற்கும்வரை புதிய தகட்டைப் பூட்ட வழியில்லை.

அப்பா எழும்பி முழங்காலைத் தட்டினார்.

“உதுக்கு இனி ஒண்டும் செய்யேலாது. கார் திருத்துற கராச்சிலை விடுவம். அவங்கள் ஒரு மாசமாவது எடுப்பாங்கள். மன்னாரைப் பிறகு பாப்பம்.”

அவர் முகத்தில் பெரிதாகக் கவலை எதையும் நான் காணவில்லை.

மாமி கோபிக்கவுமில்லை. தண்டின் அடியில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக விட்டுவிட்டு, போய் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார். திரும்பி வரும்போது தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் ஒரு தட்டம். அதில் வெள்ளைத் துணி விரித்து, அப்பாவின் ஆயுதங்களை அளவுவாரியாக அடுக்கினார்.

“எலும்புக்குள்ளை வருசக்கணக்காக் கிடக்கிற ஆணியையே கழட்டுறம். இது வெறும் இரும்புதானே,” என்றார்.

காருக்குப் பின்னால் குந்தினார். பார்வையை எடுக்காமல் வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

“வாள்.”

எடுத்துக் கொடுக்க அங்கே வேறு தாதிமார் யாரும் இல்லை. அப்பாதான் தட்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். நீட்டிய அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு இரும்பு அரியும் வாளின் அலகை எடுத்து அதில் வைத்தார்.

மாமி தண்டின் முனையில் குறுக்கே ஒரு வெட்டு அரிந்தார். “துணி,” என்றார். அப்பா துணியைக் கொடுத்தார். “ஸ்குரூ டிரைவர். சின்னன் இல்லை, மற்றது.” அப்பா மற்றதைக் கொடுத்தார். இத்தனை வருடமாக டொக்டர்மாரின் கைகளில் கருவிகளை எடுத்து வைத்தவர் மாமி. அன்று அவர் கையில் அப்பா வைத்தார்.

வெட்டுக்குள் முனையை வைத்து அழுத்தி, இடப்பக்கம் ஒரு நெல்லளவு. திரும்ப வலப்பக்கம். ஒரு சொட்டு மண்ணெண்ணெய். மறுபடியும் இடப்பக்கம். குரக்கன் மாவைப் போலத் துரு உதிர்ந்தது. நான் மூச்சுவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்பாவின் முழு உடம்புக்கும் அசையாதது மாமியின் இரண்டு விரல்களுக்குச் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி வெளியே வந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அதிசயங்களைப் பார்த்துவிட்டேன். அன்று மயிர்க்கூச்செறிந்ததுபோல் ஒருநாளும் இல்லை.

புதிய போல்டுகளுக்கு அப்பாவே கிறீஸ் பூசினார். அவரே தகட்டைப் பூட்டினார்.

“இறுக்கினது காணும், அண்ணை. இனி விடுங்கோ,” என்றார் மாமி.

அப்பா சாவியை எடுத்துத் துணியால் துடைத்தார்.

“மன்னாருக்குப் போற பூநகரி றோட்டிலை மாடுகள் படுத்திருக்கும். மெல்ல ஓடு,” என்றார்.

நான் கைதட்டினேன். குசினிக்குள் ஓடி, “மாமி வெண்டிட்டா. திங்கக்கிழமை போகலாம்,” என்று அம்மாவிடம் அறிவித்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி “ஓம்” என்றார். இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது, இந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. பால்குடி மறந்த நாளிலிருந்து நான் மாமியின் பக்கத்தில்தான் படுத்தேன். இரவில் நான் இருமினால் எழும்புகிறவர் அவர். காலையில் எனக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுகிறவரும் அவர்தான். திங்கட்கிழமை அந்தக் கார் படலையைத் தாண்டும்போது மாமியும் அதற்குள் இருப்பார் என்பது, கண்கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும்தான் உறைக்கவில்லை.