க்ராஸ்னர் வீட்டுச் சாப்பாடு

வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊரான கும்லாஸில் யூதக் குடும்பங்கள் ஐந்துதான். அவற்றில் முதலில் வந்து சேர்ந்தது மால்கா ஷாட்ஸின் குடும்பம். அவள் கணவன் துணிக்கடை வைத்திருந்தான். சனிக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் கடை மாடியில் நடக்கும் வழிபாட்டையும் அவனே நடத்தினான். கார்டிஃப் நகரத்திலிருந்து எந்த ரபி, அதாவது யூத மதகுரு, வந்தாலும் மால்கா வீட்டில்தான் கை நனைப்பார். பாலும் கறியும் கலக்கக்கூடாது என்ற மத விதிப்படி பாலுக்கு ஒரு அலமாரி, கறிக்கு ஒரு அலமாரி என்று அவள் பிரித்து வைத்திருந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் மற்றப் பெண்கள் தங்கள் அடுப்படியைத் திருத்திக்கொண்டார்கள். அந்த நிலக்கரி ஊரில் அவள் சேர்த்த சொத்து அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

ஹெனியா க்ராஸ்னர் பிந்தி வந்தவள். உரக்கச் சிரிப்பாள். ஐந்து பேர் வந்தால் பத்துப் பேருக்குச் சமைப்பாள். அவள் கணவன் மெண்டல் வீடு வீடாகப் போய்ப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பான். வந்த முதல் வருடம் எல்லோரும் அந்த வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

பிறகு ஒரு பனிக்காலம். மத முறைப்படி அறுத்த கறி வியாழக்கிழமை ரயிலில் கார்டிஃபிலிருந்து வரும். வேறு கறி வீட்டுக்குள் வந்தால் அது பட்ட பாத்திரமெல்லாம் தீட்டு. அந்த வாரம் தண்டவாளம் பனியில் மூடிக் கிடந்ததால் பொட்டலம் வரவில்லை. ஐந்து வீடுகளிலும் அவித்த உருளைக்கிழங்கோடு சனிக்கிழமை ஓய்வுநாள் கழியப் போகிறது என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் வெல்ஷ்காரர் கறிக்கடையிலிருந்து ஹெனியா வெளியே வருவதை மால்கா பார்த்தாள். கையில் ரத்தம் கசிந்த காகிதப் பொட்டலம். தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

மால்கா நேரே கண்ணாடிக்காரர் மனைவி பெய்லாவிடம் போனாள்.

"நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லுடி முதல்ல. அப்புறம் பார்க்கலாம்."

பெய்லா மின்னாவிடம் மட்டும் சொன்னாள். மின்னா மிச்சம் இருந்த ஒரு வீட்டில் சொன்னாள். அதோடு முடிந்தது. யாரும் சண்டை போடவில்லை. ஹெனியாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவள் அழைத்தால் ஒருத்திக்குத் தலைவலி, இன்னொருத்தி வீட்டில் குழந்தைக்கு இருமல். பூரிம் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு பலகாரத் தட்டு அனுப்புவது வழக்கம். ஹெனியாவின் தேன் கேக்கை எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கினார்கள். அவள் தெருமுனை திரும்பியதும் சுரங்கக்காரர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்த கோடையில், ஹெனியாவின் பக்கத்து வீட்டுச் சுரங்கத் தொழிலாளி டாய் ப்ராஸர் சட்டை வாங்க ஷாட்ஸ் கடைக்கு வந்தான். ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு அவனே பேச்செடுத்தான்.

"உங்க ஆளுங்களுக்குப் பன்னின்னா அவ்வளவு பயமா, மிஸஸ் ஷாட்ஸ்?"

"ஏன் கேக்குறீங்க?"

"கால் நசுங்கிப் படுத்துக் கிடந்தேன்ல, அந்தப் பனியில? பெண்டாட்டியும் இல்லாதவன். க்ராஸ்னர் அம்மாதான் எனக்குக் கறி வாங்கிட்டு வந்து தரும். செத்த எலியைத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல பிடிச்சுக்கிட்டு வரும். வாசப்படியிலயே வச்சிட்டு, கையக் கழுவ ஓடிடும். எனக்கு ஒரு பக்கம் வலி, ஒரு பக்கம் சிரிப்பு."

மால்கா சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அன்றைக்கே பெய்லா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்கு வாசல் தள்ளித்தான். ஆனால் அடுத்தவள் அடுப்படியைப் பற்றித் தப்பாகச் சொன்னவளின் அடுப்படியை யார் நம்புவார்கள்? பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பண்டிகைகள் முடிந்துகொண்டே இருந்தன. பெண்களுக்கும் ஹெனியா வீட்டில் சாப்பிடாதது பழகிப்போய், காரணம்கூட யாருக்கும் நினைவில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. மால்காவுக்கு மட்டும் நினைவிருந்தது. ஹெனியா தெருவில் எதிரே வந்து "சாப்டாச்சா மால்கா?" என்று கேட்கும்போதெல்லாம் நினைவிருந்தது.

ஒரு மார்ச் மாதம், நிமோனியாவில் ஹெனியா இறந்துபோனாள்.

பெண்ணின் உடலைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். ஊரில் அந்த முறை தெரிந்தவர்கள் மால்கா, பெய்லா, மின்னா மூவரே. குளிப்பாட்டும்போது வீண் பேச்சு கூடாது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத் துணி உடுத்தி முடித்ததும், இறந்தவளைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்பது முறை.

"ஹெனியா, டோவின் மகளே, எங்கள் கையால் உனக்கு ஏதும் அவமரியாதை நடந்திருந்தால் மன்னித்துவிடு."

மற்ற இருவரோடு மால்காவும் உதட்டை அசைத்தாள். அந்த மன்னிப்பு, குளிப்பாட்டிய நேரத்தில் நடந்த பிசகுகளுக்குத்தான். மற்றதையும் அதற்குள் ஒளித்துக் கேட்டுவிடலாமா? கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதுதான் அவளை உறுத்தியது.

மறுநாள் ஆண்கள் மலைமேலிருந்த கல்லறைக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் துக்க வீட்டார் சாப்பிடும் முதல் சாப்பாடு அவர்களுடையதாக இருக்கக்கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். பெய்லா ரொட்டி கொண்டுவந்தாள், மின்னா அவித்த பருப்பு. மால்கா கூடையைத் திறந்தாள்.

"முட்டையைப் பச்சையாவா எடுத்துட்டு வந்தே?" என்றாள் பெய்லா.

"இங்கேயே அவிக்கிறேன்."

"எதுல?"

மால்கா ஹெனியாவின் அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள்.

"மால்கா, அந்தப் பாத்திரம் வேண்டாம். உனக்குத் தெரியாததா?" என்றாள் மின்னா.

"எனக்குத் தெரிஞ்சதுதான். இந்தப் பாத்திரத்துல ஒரு குறையும் கிடையாது. என்னைக்கும் இருந்ததில்ல. அந்தக் கறி ப்ராஸருக்கு வாங்கினது. அவன் வாயாலயே சொன்னான். நான்தான் உங்ககிட்ட சொல்லாம மறைச்சிட்டேன்."

"எப்போ சொன்னான்?"

"அடுத்த கோடையிலேயே."

பெய்லா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தக் கேக்கெல்லாம்…"

அடுப்படி வாசலில் ஹெனியாவின் மகள் சிஸ்ஸி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. துக்கத்துக்காகக் கிழித்த ரவிக்கை ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா தன் சமையல்தான் சரியில்லன்னு நினைச்சாங்க, அத்தை. ஒரு வருஷம் தேனைக் குறைப்பாங்க. ஒரு வருஷம் இஞ்சி சேர்ப்பாங்க. உங்க வீட்டுல எந்த மாவு வாங்குறீங்கன்னு என்னைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு, கேக்கல."

மால்கா வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஆண்களின் காலடிச் சத்தம் கேட்டது. மெண்டலும் சிஸ்ஸியும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். இனி துக்கம் காக்கும் ஏழு நாளும், துக்க வீட்டார் முதலில் பேசாமல், வந்தவர்கள் அவர்களிடம் பேசக்கூடாது.

சிஸ்ஸி ஒரு முட்டையை உரித்து அப்பாவுக்குக் கொடுத்தாள். தானும் ஒன்றைச் சாப்பிட்டாள். பெய்லாவிடம் ரொட்டி கேட்டாள். மின்னாவிடம் அவள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். மால்கா எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிஸ்ஸி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலையிலும் மால்கா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.